டேபிள் சாவில் குறுக்காக அறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுக்காக அறுப்பதுதான் ஆபத்து, குறுக்கே அறுப்பது சும்மா ஒரு தள்ளு என்று நினைப்பவர்கள் நிறைய. மேசைக்கு நடுவே தலைநீட்டிச் சுற்றும் இந்த மெஷினின் 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல் நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அதில் ஒரு சின்னக் கட்டை மாட்டினால் விலகிக்கொள்ள நேரம் இருக்காது.

பெரும்பாலான வம்பு ஃபென்ஸையும் (பிளேடுக்கு இணையாக மேசைமேல் நிற்கும் தடுப்புச் சட்டம்) மைட்டர் கேஜையும் (மேசைப் பள்ளத்தில் ஓடி, பலகையைக் கோணம் மாறாமல் தள்ளும் கருவி) ஒன்றாகப் பயன்படுத்துவதில்தான் தொடங்குகிறது. ஒரே அளவில் நாலைந்து துண்டு வேண்டும் என்றால் ஃபென்ஸை 9 அங்குலத்தில் வைத்து, பலகையின் முனையை அதில் முட்டவிட்டு, மைட்டர் கேஜால் தள்ளத் தோன்றும். அளவு கச்சிதமாக வரும், சரி. ஆனால் அறுந்த துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. அதை முன்னே தள்ளிவிட எதுவும் இல்லை. துளி திரும்பினாலும் அதன் மூலை பிளேடின் பின்பக்கத்தில் உரசும். அந்தப் பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி எழுந்து வருபவை. துண்டைத் தூக்கி, அறுப்பவர் நிற்கும் பக்கமாகவே வீசிவிடும். கிக்பேக் என்பது இதுதான்.

இதற்கு வழி சுலபம். 1 அங்குல கனமுள்ள கட்டை ஒன்றை ஃபென்ஸின் முன்பகுதியில், பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே முடிந்துவிடும்படி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பலகையின் முனையை அந்தக் கட்டையில் முட்டி அளவு வையுங்கள், பலகையை மைட்டர் கேஜோடு கெட்டியாகப் பிடியுங்கள், அப்புறம் தள்ளுங்கள். பிளேடைத் தொடுவதற்குள் முனை கட்டையைத் தாண்டியிருக்கும். அறுந்த துண்டுக்கும் ஃபென்ஸுக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி இருக்கும். 9 அங்குலத் துண்டு வேண்டுமென்றால் ஃபென்ஸை 10 அங்குலத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

மைட்டர் கேஜே இல்லாமல், பலகையின் குட்டைப் பக்கத்தை ஃபென்ஸில் சாய்த்து அறுப்பது இதைவிட மோசம். சாயும் பக்கம் நீளமாக இருந்தால்தான் பலகை நேராக ஓடும். குட்டையாக இருந்தால் பாதி வழியில் திரும்பும். எதிலும் சாய்க்காமல் வெறும் கையால் தள்ளுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடிக்கடி குறுக்கே அறுக்கிறவர்கள் ஒரு ஸ்லெட், அதாவது பலகையைச் சுமந்துகொண்டு மேசைமேல் சறுக்கும் தட்டு, செய்துகொள்வது நல்லது. 12 மில்லிமீட்டர் பிளைவுட், மேசைப் பள்ளத்தில் ஆட்டமில்லாமல் ஓடும் இரண்டு ரீப்பர், முன்னும் பின்னும் ஒவ்வொரு சட்டம். அறுத்து முடிக்கும்போது பிளேடு நம் பக்கத்துச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பலரும் கட்டைவிரலை வைப்பது சரியாக அதே இடத்தில்! அங்கே தடியான கட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். ஸ்லெட் சரியாக 90 டிகிரியில் அறுக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம்கூட வேண்டாம். இரு ஓரமும் இணையாக உள்ள அகலப் பலகை ஒன்றை அறுத்து, ஒரு பாதியை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டின் ஓரத்தையும் நேரான சட்டத்தில் சாய்த்து, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் பிழை அதில் பாதி.

வெட்டி விழுந்த சின்னத் துண்டைக் கையால் தட்டிவிடும் பழக்கம் அனுபவசாலிகளிடம்தான் அதிகம். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு சில விநாடிகள் சுற்றும், நிற்கும் வரை பொறுங்கள். நிற்கிற இடமும் பிளேடுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது, ஓரடி தள்ளி நில்லுங்கள். கையுறை வேண்டாம். தோளில் தொங்கும் துண்டு, முழுக்கைச் சட்டையின் பட்டன் போடாத முனை, மணிக்கட்டில் கட்டிய கயிறு எதுவும் வேண்டாம்.

வளைந்த பலகையை மேசையில் வைத்து நாலு மூலையிலும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அறுக்காதீர்கள். எட்டடிப் பலகையையும் சின்ன மேசையில் ஏற்றாதீர்கள். தொங்கும் பக்கத்தின் எடை பலகையைத் தூக்கிவிடும். அதற்குக் கைரம்பமோ கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவோ போதும். எதையும் டேபிள் சாவில்தான் அறுக்க வேண்டும் என்பது ஒரு வீம்பு.

நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னொன்றும் உண்டு. கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவைத் தலைகீழாக பிளைவுட் மேசைக்கு அடியில் பொருத்தி, அதன் சுவிட்சை டேப் சுற்றி அழுத்தியபடியே விட்டுவிடுவார்கள். பிளேடின் மேல் மூடியும் இருக்காது, பலகை பிளேடில் உரசாமல் தடுக்கப் பின்னால் நிற்க வேண்டிய தகடும் இருக்காது. கரண்ட் போகும், டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்து பிளேடின் மேல் கிடக்கும் பலகையை எடுக்கக் கை நீட்டும் நேரத்தில் கரண்ட் வந்தால் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் போனதும் தானாக அணைந்து, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும் சுவிட்சுகள் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கின்றன. நோ-வோல்ட் சுவிட்ச் என்று கேளுங்கள். அது வந்து சேரும் வரை, கரண்ட் போனதும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.