சவரக்கத்தியில் துரு: அலகை விட கீலைக் கவனியுங்கள்

சலூனில் பாதி பிளேடு மாட்டிச் சிரைக்கும் கத்திக்கு இது பொருந்தாது. தீட்டிப் பயன்படுத்தும் பழைய மடக்குக் கத்திக்குத்தான். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்களில் செய்த பழைய கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகு. துருவைத் தடுக்கும் குரோமியம் போதாததால், ஈரத்தோடு மடக்கினால் ஓரிரவிலேயே புள்ளி விழுந்துவிடும்.

1. கத்தி முனையைக் கீழே சாய்த்து, அலகை மட்டும் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். படிகாரம் தொட்ட கையோடு அலகைத் தொடாதீர்கள். அதன் கரைசல் அமிலத்தன்மை கொண்டது, எஃகை அரிக்கும்.

2. பருத்தித் துணியால் முதுகிலிருந்து (தடித்த விளிம்பு) வாய்ப்பக்கமாக (கூரான விளிம்பு) துடைக்கவும். எதிர்த்திசையில் துடைத்தால் துணி கிழியும், விரலும் போகும்.

3. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அலகு பளபளவென்று காய்ந்திருக்கும். ஆனால் கீலில், அதாவது அலகு மடங்கும் இடத்தில், ஆணியைச் சுற்றி, கைப்பிடிக்கும் அலகின் வாலுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடுக்கில் தண்ணீர் ஏறி நிற்கும். துணி அங்கே எட்டாது. உள்ளே துருவேறி, கத்தி கரகரவென்று திறக்கத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியும். அதற்குள் ஆணியைக் கழற்ற வேண்டிய நிலை வந்திருக்கும். டிஷ்யூ பேப்பரை விரல் அகல நாடாவாகக் கிழித்து, கத்தியைத் திறந்து, இருபக்க இடுக்கிலும் நுழைத்து இழுங்கள். நாடா நனையாமல் வரும்வரை விடாதீர்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம். சூடு பட்டால் பிளாஸ்டிக் பிடி வளையும்.

4. துணி வாரில் (கத்தியை இழுத்துத் தீட்டும் துணிப் பட்டை) பத்து முறை இழுங்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும்; திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் வாயிலிருந்து போய்விடும். பிறகு குளியலறைக்கு வெளியே ஓரிரு மணி நேரம் திறந்தே இருக்கட்டும்.

தினமும் சிரைப்பவருக்கு எண்ணெய் தேவையில்லை. ஒரு வாரத்துக்கு மேல் சும்மா கிடக்கும் என்றால், மருந்துக்கடை லிக்விட் பாராஃபினோ தையல் மிஷின் எண்ணெயோ இரண்டு சொட்டு துணியில் விட்டு, அலகில் மெல்லிதாகத் தடவுங்கள். கீலுக்கு பல்குத்தியின் முனையில் ஒரு சொட்டு. தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரம் இழுக்கும்.

சிவப்புப் புள்ளி வந்துவிட்டதா? எண்ணெய் விட்டு, 0000 ரக (மிக நுண்ணிய) எஃகுப் பஞ்சால் அலகின் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். வாயைத் தொட வேண்டாம். தங்க முலாம் எழுத்திருந்தால் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள், எழுத்து அழிந்துவிடும். துரு வாயிலேயே குழி பறித்திருந்தால் பஞ்சு உதவாது. குழி மறையும்வரை சாணைக்கல்லில் தீட்டியாக வேண்டும்.

பின்சேர்க்கை: தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: அலகுக்கு அவசரத்துக்குப் பரவாயில்லை, கீலுக்கு வேண்டாம், குளிரில் உறையும்.

எல்லாம் செய்தும் பிடி மூடும் பகுதியில் மட்டும் துரு திரும்பத் திரும்ப வருகிறது என்றார்கள் சிலர். பழைய கத்தி என்றால் பிடியை முகர்ந்து பாருங்கள். சூட வாசனையோடு காரநெடியும் கலந்து வந்தால், அது சிதையத் தொடங்கிய செல்லுலாய்டாக (பழங்கால பிளாஸ்டிக்) இருக்கலாம். அதிலிருந்து கிளம்பும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். எந்த எண்ணெயும் தாங்காது. பிடியை மாற்றுங்கள். அதுவரை அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.