ட்ரோனின் முதல் பத்து பேட்டரி

ட்ரோன் ஓட்டப் பழகும்போது நாள் கணக்கு பார்க்க வேண்டாம், பேட்டரிக் கணக்கு பாருங்கள். முதல் பத்து பேட்டரி தீரும்வரை வீடியோ எடுக்கும் ஆசையை ஒதுக்கி வைப்பவரிடம் ட்ரோன் பிழைத்துக் கிடக்கும். இங்கே சொல்வது மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும், ஜிபிஎஸ் உள்ள, ஏறக்குறைய 250 கிராம் எடையுள்ள கேமரா ட்ரோன்களுக்கு. இந்த வகை ட்ரோன் ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் தானே அந்தரத்தில் நிற்கும். அதனால் புதியவர் கையில் அது விழுவதற்குக் கை பழகாதது மட்டும் காரணமாக இருப்பதில்லை. எங்கே நின்று கிளப்பினார், கிளப்பும் முன் எதைப் பார்க்காமல் விட்டார் என்பதில்தான் பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

மொட்டை மாடி வேண்டாம்

பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் ஏறுவது மொட்டை மாடிக்குத்தான். பழகுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தளத்துக்குள் கம்பி கட்டியிருக்கிறது. ட்ரோனின் திசைகாட்டி காந்தத்தை நம்பி வேலை செய்வது, ஆகவே கம்பிக்கு மேலே வைத்துக் கிளப்பினால் அது வடக்கைத் தவறாகக் கணக்கிடும். ஜிபிஎஸ் ஒன்று சொல்ல, திசைகாட்டி வேறொன்று சொல்ல, ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காமல் செக்கு மாடு மாதிரி வட்டமிட ஆரம்பிக்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். கார் கூரை, இரும்பு மேசை, கிணற்று மூடி, பாலத்தின் மேல்தளம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

மாடியில் இன்னொரு தொல்லை கைப்பிடிச் சுவர். அதில் மோதி மேலெழும் காற்று உள்ளே சுழலும். தரையை நெருங்கும் ட்ரோனை அது ஆட்டிவிடும். துணிக்கொடி, டிஷ், கேபிள் வயர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். திரையில் தெரியும் உயரமும் கிளப்பிய இடத்திலிருந்துதான் எண்ணப்படும். மூன்று மாடி உயரத்தில் 'பூஜ்ஜியம்' என்று தொடங்கினால் தெருப்பக்கம் இறங்கும்போது எண் கழித்தலுக்குப் போகும். மலையடிவாரத்தில் இதுவே தலைகீழ்: திரையில் 60 மீட்டர் என்று இருக்கும், சரிவு மேலேறி வந்து ட்ரோனின் வயிற்றைத் தொடும்.

அறுப்பு முடிந்த வயல், வறண்ட ஏரிப் படுகை, அனுமதி வாங்கிய மைதானம் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். சுற்றிலும் 50 மீட்டருக்கு மரமோ கம்பமோ ஆட்களோ இருக்கக் கூடாது. செம்மண் புழுதி கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் பகுதி) மோட்டாருக்குள் போனால் அரைக்கும். ஒரு பிளைவுட் பலகையை வைத்து அதன் மேலிருந்து கிளப்புங்கள். துணி விரித்தால் நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கைக் காற்றில் அது எழும்பி இறக்கையிலேயே சுற்றிக்கொள்ளும்.

வானமும் நம் இஷ்டத்துக்கு இல்லை. இந்தியாவில் 2021-இன் ட்ரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடியாகக் குறையும். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும் சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். சூலூர், அரக்கோணம், தஞ்சாவூர், உச்சிப்புளி என்று படைத்தளங்கள் இருக்கும் ஊர்களில் 'வெறும் வயல்தானே' என்ற எண்ணம் ஆபத்து. கல்பாக்கம், கூடங்குளம் பக்கமும் அப்படியே. பொழுதுபோக்காகப் பறக்க 2 கிலோ வரை ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. கூலி வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்க 250 கிராமுக்கு மேற்பட்டதை ஓட்டினால் தேவை.

காற்று

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், 250 கிராம் எம்மாத்திரம்? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் எதிரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமும், ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அங்கே பழகத் தொடங்காமல் இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் பகல் ஏறியதும் கடற்காற்று கிளம்பிவிடும். எங்கே இருந்தாலும் காலை 6-லிருந்து 8 மணி வரைதான் புதியவருக்கான நேரம்.

தரையில் இலை அசையவில்லை என்பதை வைத்து மேலே காற்றில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கணக்கு இதுதான்: ட்ரோனின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், மேலே காற்று நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போகும்போது 16 மீட்டர் வேகம், 400 மீட்டர் தூரத்தை 25 நொடியில் தாண்டிவிடும். திரும்பும்போது மிஞ்சுவது 4 மீட்டர்தான், அதே தூரத்துக்கு 100 நொடி. போகும்போது 'ஆஹா' என்று இருக்கும், வரும்போது பேட்டரி சிவப்பாகும். எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரட்டும். மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று மெதுவாக இருக்கும். வழியில் தடையில்லை என்றால் வேகம் கூடிய ஸ்போர்ட் மோடுக்கு மாற்றலாம். ட்ரோன் அதிகமாகச் சாய்ந்து காற்றைக் கிழிக்கும்.

கிளப்பும் முன்

ஆப், ஃபர்ம்வேர் (ட்ரோனுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் எல்லாவற்றையும் முந்தின இரவே வீட்டில் முடித்துவிடுங்கள். வயல் நடுவில் அரைக் கம்பி சிக்னலில் 'அப்டேட் தேவை' என்று வந்தால் அந்தக் காலை போச்சு.

இடத்துக்கு வந்ததும் கிம்பல் மூடியைக் கழற்றுங்கள். மூடியோடு ஆன் செய்தால் கிம்பல் திரும்ப முடியாமல் முட்டி, பிழைச் செய்தி காட்டும். இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்தையும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் இடத்தில் வெட்டு இருக்கிறது, அந்த இறக்கையை மாற்றிவிடுங்கள். இறக்கையில் இரண்டு வகை உண்டு, ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. குறி போட்ட இறக்கை ட்ரோனின் குறி போட்ட கைக்குத்தான். மாற்றிப் போட்டால் தரையை விட்டு எழும் நொடியிலேயே பக்கவாட்டில் குப்புறக் கவிழும். புதியவர் இறக்கை மாட்டிய ட்ரோன் கவிழ்ந்தால் மோட்டாரைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள். (உதிரி இறக்கை இரண்டு செட் கையில் இருக்கட்டும்.)

பேட்டரியைத் தள்ளும்போது 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு ட்ரோனை.

இப்போது வருவதுதான் எல்லோரும் பொறுமை இழக்கும் இடம். ஜிபிஎஸ் பிடித்து, 'ஹோம் பாயிண்ட்' (ட்ரோன் திரும்பி வந்து இறங்கும் இடம்) பதிவானது என்று ஆப் சொல்லும்வரை கிளப்பக் கூடாது. பத்துக்கு மேல் செயற்கைக்கோள் தெரியட்டும். அவசரப்பட்டு முன்னதாகவே கிளப்பினால், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் ட்ரோன் எங்கே இருக்கிறதோ அந்த இடம் ஹோம் பாயிண்டாகப் பதிவாகலாம். அது ஏரியின் நடுவாக இருந்தால், பிறகு 'வீட்டுக்கு வா' என்று அழைக்கும்போது சமர்த்தாக ஏரிக்குள்ளேயே இறங்கும்.

அடுத்தது திரும்பி வரும் உயரம். தொடர்பு அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ ட்ரோன் முதலில் இந்த உயரத்துக்கு ஏறி, பிறகு நேர்கோட்டில் வரும். தென்னை 25 மீட்டர் வரை வளரும், செல்போன் கோபுரம் 40 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. சுற்றிலும் உயரமானது எதுவோ அதைவிடக் குறைந்தது 15 மீட்டர் கூட்டி வையுங்கள். மரத்தடியிலோ மண்டபத்துக்குள்ளோ இருக்கும்போது திரும்பி வரும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். ஏறுவதுதான் அதன் முதல் வேலை. மேலே கூரை இருப்பது அதற்குத் தெரியாது.

பத்து பேட்டரிக்கும் பாடம்

பெரும்பாலான ரிமோட்டில் இடது ஸ்டிக் ஏற்றம், இறக்கம், மூக்கைத் திருப்புதல். வலது ஸ்டிக் முன், பின், பக்கவாட்டு நகர்வு. வேகம் குறைந்த சினி மோடில் தொடங்குங்கள்.

முதல் பேட்டரி: 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு இரண்டு கையையும் ஸ்டிக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் வெறுமனே பாருங்கள். அது நிற்கிறதா, நகர்கிறதா, சத்தம் சீராக இருக்கிறதா? பிறகு இறக்குங்கள். இதையே ஐந்து தடவை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பதறும் நேரத்தில் ஸ்டிக்கை விட வேண்டும் என்பது கைக்குள் ஊற வேறு வழி இல்லை. ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து நாலாபுறமும் இழுப்பதுதான் அநேக மோதல்களுக்கு முந்தைய இரண்டு நொடி.

இரண்டாவதும் மூன்றாவதும்: ட்ரோனின் முதுகு உங்களைப் பார்த்தபடி, 10 மீட்டர் சதுரம். ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி, மூக்கைத் திருப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

நாலாவதிலிருந்து ஆறாவது வரை மூக்கை உங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பழக வேண்டும். இங்கே இடமும் வலமும் மாறிப்போகும், மூளை முரண்டு பிடிக்கும். ஒரு குறுக்குவழி உண்டு: உங்களை நோக்கி வரும் ட்ரோன் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அந்தப் பக்கத்துக்கே வலது ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சரியும் பந்தலுக்கு முட்டுக்கொடுப்பது போல நினைத்துக்கொண்டால் கை தடுமாறாது. இந்த மூன்று பேட்டரியைத் தாண்டாமல் யாரும் 'ஓட்டத் தெரியும்' என்று சொல்லிக்கொள்ளலாகாது.

ஏழு, எட்டு: 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள்.

ஒன்பது: 50 மீட்டர் தள்ளி நிறுத்தி, திரும்பி வரும் பொத்தானை வேண்டுமென்றே அழுத்துங்கள். ஏறுவதையும் வருவதையும் பாருங்கள். நடுவழியில் ரத்து செய்யவும் பழகுங்கள், நிஜமாகத் தேவைப்படும் நாளில் பொத்தானைத் தேட நேரம் இருக்காது.

பத்து: 80 மீட்டரில் நிறுத்தி, கண்ணை எடுத்துவிட்டு மூக்கை ஏதோ ஒரு பக்கம் திருப்புங்கள். இப்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வலது ஸ்டிக்கை முன்னே மெல்லத் தள்ளி, திரையில் தூர எண் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். கூடினால் மூக்கைச் சுற்றித் திருப்புங்கள்.

விழும் இடங்கள்

பின்னோக்கி இழுக்கும் ஷாட். கோபுரத்திலிருந்து பின்வாங்கி ஊரையே காட்டுவது அழகுதான். இந்த வகையில் பல ட்ரோன்களுக்குக் கீழே மட்டும்தான் சென்சார். முதுகுப் பக்கம் குருடு. அதே பாதையில் ஒருமுறை முன்னோக்கிப் பறந்து பார்த்துவிட்டு, பிறகு பின்னோக்கி வாருங்கள். சென்சார் எல்லாப் பக்கமும் இருந்தாலும் மின்கம்பி, இலை உதிர்ந்த சுள்ளி, மாஞ்சா நூல் மூன்றும் அதற்குத் தெரியாது, கேமராவிலும் தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் இருந்தால் நடுவில் கம்பி இருக்கிறது.

நேர்க்கீழாக வேகமாக இறக்குவது. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் இறங்கும்போது இறக்கைக்குப் பிடிமானம் போய்விடும், உடம்பு உதறும். உதறினால் முன்னோக்கித் தள்ளி அந்தக் காற்றிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். சறுக்குப் பாதை போல இறக்குவதே நல்ல பழக்கம்.

தண்ணீர். கீழ்நோக்கிய சென்சார் தரையின் வடிவங்களைப் பார்த்து இடத்தைப் பிடித்துக்கொள்வது. அலையும் பளபளப்பும் அதைக் குழப்பும். குளத்துக்கு மேலே 5 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

பறவை. பருந்தும் காகமும் தெரிந்த எதிரிகள். கரிச்சான் அளவில் சின்னது, ஆனால் கூடு இருக்கும் காலத்தில் பருந்தையே விரட்டும். துரத்தினால் நேராக மேலே ஏற்றுங்கள், அந்த வேகத்தில் செங்குத்தாக ஏறுவது பறவைக்குக் கஷ்டம். பிறகு வேறு பக்கமாக இறங்குங்கள்.

கையில் பிடித்து இறக்குவதை இந்தப் பத்து பேட்டரிக்குள் செய்ய வேண்டாம். பலகையில் இறக்கி, இடது ஸ்டிக்கைக் கீழே அழுத்தி, இறக்கை நிற்கும்வரை பிடித்திருங்கள். கிட்டே ஓடி வரும் குழந்தைகளைத் தள்ளி நிறுத்த ஓர் ஆள் கூட இருப்பது நல்லது.

பேட்டரி

பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் 20 நிமிடம் உங்களுடையது. 50 சதவீதத்தில் திரும்புங்கள், 30-இல் தரையில் இருங்கள். இறக்கிய பேட்டரி சுடும். அரை மணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒரு வாரம் பறக்கப்போவதில்லை என்றால் முழுச் சார்ஜிலோ காலியாகவோ வைக்காமல் பாதியில் வையுங்கள். உப்பிய பேட்டரியை 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று மாட்ட வேண்டாம்.

காணாமல் போனால்

ஸ்டிக்கை விடுங்கள், ரிமோட்டை அணைக்காதீர்கள். ஆப்பில் கடைசி இடம் வரைபடத்தில் இருக்கும், முதலில் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். போனில் பதிவான கடைசி நிமிட வீடியோவை ஓட்டி, எந்த வரப்பு, எந்தப் பனைமரம் என்று பாருங்கள். இடத்தை நெருங்கினால் ரிமோட் மறுபடி இணையலாம். ட்ரோனில் உயிர் இருந்தால் ஆப்பிலிருந்து பீப் சத்தம் எழுப்பலாம். கரும்புத் தோட்டத்தில் கண்ணால் தேடுவது வீண், தோகை மூடியிருக்கும். காற்று ஓயும்வரை நின்று, வரிசை வரிசையாக நடந்து காது கொடுங்கள். தண்ணீரில் கிடந்து எடுத்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஆன் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் பேட்டரியை இனி சார்ஜரில் போடவும் வேண்டாம்.