அந்தியூருக்கு மேல பர்கூர் மலைல மாட்டுப்பட்டி வெச்சிருக்கற ஃப்ரெண்டு வூட்டுக்கு ஒறம்பரை போறீங்களா

கெளம்பறதுக்கு முன்னாடி உங்க வூட்டு கட்டுத்தறியை ஒருக்கா பாருங்க. நம்ம கோபி, பவானி, அந்தியூர் பக்கம் நெறைய வூட்ல ஒரு எருமையோ ஜெர்சியோ நிக்கும், அதுல எதுக்காவது வாயில எச்சி ஒழுகுது, குளம்புக்கு நடுவுல புண்ணு, நொண்டுதுன்னா கோமாரியா இருக்கலாம், அப்டின்னா போறதை தள்ளி வெச்சுட்டு டாக்டரை கூப்புடுங்க. கோமாரி நமக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா நம்ம செருப்புல, பேண்ட்ல, பைக் டயர்ல ஒட்டிக்கிட்டு மேல போயிரும். அங்க மாடெல்லாம் ஒரே பட்டியில ஒண்ணா அடையறது, ஒண்ணுக்கு வந்தா பட்டி முழுக்க வந்துரும். 2019ல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா கவர்மெண்ட்ல ஊசி போடறாங்கதான், இருந்தாலும் நாம சுத்தமா போகணும். தொவைச்ச துணி போட்டுக்குங்க, ஷூ அடியில இருக்கற சாணி மண்ணை சொரண்டிட்டு, லிட்டர் தண்ணிக்கு 40 கிராம் சலவை சோடா கரைச்சு நல்லா கழுவிருங்க, அந்தக் கிருமிக்கு சலவை சோடா ஆகாது. இதை யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் மொதல்லயே சொல்றேன்.

அந்தியூர்லயே பெட்ரோல் போட்டுக்குங்க, வூட்டுக்கு சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிருங்க, மேல சிக்னல் கெடைக்கறது கஷ்டம். வரட்டுப்பள்ளம் டேமுக்கு யானை தண்ணி குடிக்க வரும், அதனால பொழுது சாயறதுக்குள்ள மலை ஏறிருங்க, ரோட்ல யானை நின்னா ஹாரன் அடிக்காம தூரமாவே நின்னு அது தாண்டுற வரைக்கும் காத்திருங்க. ஐப்பசி கார்த்திகைல அடைமழை புடிச்சா மண்ணு சரியும், அப்ப போகாதீங்க.

என்ன வாங்கிட்டு போறதுன்னு முன்னாடியே ஃப்ரெண்டுகிட்ட கேட்டுருங்க. பெரும்பாலும் அங்க கன்னடம் பேசற லிங்காயத்து குடும்பங்கதான் இந்த மாடு வளக்கறாங்க, சைவம், அதனால கறி முட்டை எதுவும் வேண்டாம். காய்கறி, பழம், புள்ளைங்களுக்கு நோட்டு பேனா, மாட்டுக்கு கல்லுப்பு, தாது உப்பு, இதெல்லாம் ரொம்ப சந்தோசமா வாங்கிக்குவாங்க. வாசல்ல நொழையறப்பவே "ஊட்டா ஆய்தா"ன்னு (சாப்பாடு ஆச்சான்னு) கேப்பாங்க, ஆச்சுன்னாலும் ஒரு உருண்டை களியாவது சாப்புட்ருங்க.

இப்ப மாட்டுக்கு வருவோம். பர்கூர் செம்மறை மாடு செவப்பு ஒடம்புல வெள்ளைத் திட்டு போட்டு பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும், ஆனா காட்டுல மேஞ்சு வளர்ற மாடு, புது ஆளைக் கண்டா மெரளும், கொம்பு வேற நல்ல கூர். நம்ம வூட்டு மாட்டைத் தடவற மாதிரி நேரா போயி கை வெக்காதீங்க. பட்டிக்காரர் முன்னாடி போகணும், அவர் கொரல் குடுத்தப்பறம் நீங்க பின்னாடி போகணும். மாட்டுக்கு நேர் பின்னாடி என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது, அங்க நின்னீங்கன்னா ஒதை விழும், பக்கவாட்டுல தோளு தெரியற மாதிரி வாங்க. கன்னு போட்டு ரெண்டு மூணு நாள் ஆன மாட்டுக்கிட்ட போகவே போகாதீங்க. கொடை விரிக்கறது, ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்கறது, வூட்டு நாயைக் கூட்டிட்டு போறது, இதெல்லாம் வேண்டாம்.

பொழுதோட மந்தை திரும்பற நேரந்தான் அவங்களுக்கு வேலை ஜாஸ்தி. எல்லா மாடும் வந்துச்சான்னு எண்ணணும், கன்னை தனியா அடைக்கணும், பால் பீச்சணும். நாட்டுமாடு கன்னு ஊட்டுனாத்தான் பாலை எறக்கும், புது ஆளு சத்தம் கேட்டா அடக்கிக்கும், ஏற்கனவே பால் கம்மியா குடுக்கற எனம், அதையும் நாம கெடுக்கக் கூடாது, சித்த நேரம் தள்ளி நின்னு பாருங்க. ஒதவி பண்ணணும்னு ஆசையா இருந்தா காலைல சாணி அள்ளுங்க, வெறகு கொண்டாந்து போடுங்க, அது அவங்களுக்கு நெசமாவே ஒதவி.

பால் குடுத்தா காச்சித்தான் குடிக்கணும், பச்சைப்பால்ல புருசெல்லா மாதிரி நோய் வரும். பட்டியில உண்ணி ஏறும், முழுக்கால் பேண்ட் போட்டுக்குங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி காலு, இடுப்பு எல்லாம் பாத்துக்குங்க. பாலித்தீன் கவரு ஒண்ணுகூட அங்க வுட்டுட்டு வராதீங்க, மாடு தின்னா வயித்துலயே தங்கிரும்.

மேய்ச்சலுக்கு கூடப் போறேன்னு நீங்களா காட்டுக்குள்ள எறங்கிராதீங்க. 2022ல ஹைகோர்ட் சரணாலயத்துல மேய்ச்சலுக்கு தடை போட்டுச்சு, 2024ல அந்த மலையவே 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல சேத்து தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு, அதனால மேய்ச்சல் அங்க ரொம்ப வலிக்கற விசயம். அவங்களா பேசுனா பொறுமையா கேளுங்க, காட்டுல எங்க மேயுதுன்னு போட்டோ எடுத்து போட்டு அவங்களை சிக்கல்ல மாட்டி வுட்டுறாதீங்க.

ஆடில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு ஓட்டிட்டு கீழ எறங்குனாங்கன்னா உங்க வூட்ல தங்கச் சொல்லுங்க. மாட்டை மட்டும் உங்க கட்டுத்தறியில கட்டாம தனியா ஒரு மரத்தடியில கட்டி, சோளத்தட்டும் தண்ணியும் தனித் தாழில வெச்சுக் குடுங்க.