மீனுக்குப் புண் வந்தால் உடனே மருந்தா? மீன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளத்திலோ கூட்டிலோ மீன் சாகத் தொடங்கினால் மட்டக்களப்பில் முதலில் வரும் கேள்வி, "என்ன மருந்து போடலாம்?" என்பதுதான். உன்னிச்சைப் பக்கம் திலாப்பியா வளர்ப்பவரும் வாவியில் கூடு கட்டிக் கொடுவா வளர்ப்பவரும் இதையேதான் கேட்கிறார்கள். ஆனால் மருந்து வருவதற்கு வெகு முன்பே மீனின் உடம்பு பக்டீரியாவோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சண்டையில் பெரும்பங்கு அதன் புரதங்களுடையது. நமது தவறுகளில் பாதிக்கு மேல், தெரியாமல் அந்தப் புரதங்களின் கையைக் கட்டிப்போடுவதுதான்.

வழும்பிலிருந்து தொடங்குவோம். விரால் வெட்டுமுன் சாம்பல் போட்டு உரசி வழும்பை எடுப்போம். சட்டிக்குப் போகும் மீனுக்கு அது சரி. உயிருள்ள மீனுக்கு அந்த வழும்புதான் முதல் காவல். அதில் லைசோசைம் என்ற நொதியம் இருக்கிறது, பக்டீரியாவின் கலச்சுவரை அது வெட்டிப்போடும். மனிதரின் மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் இருப்பதாக 1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் எழுதிய அதே வகை நொதியம்தான் இது. பல மீன்களில் பிசிடின் போன்ற சின்னஞ்சிறு புரதங்களும் உண்டு. அவை பக்டீரியாவின் மென்சவ்வில் ஓட்டை போடும். கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் பிறபொருளெதிரிகளும் (அன்டிபொடி) அங்கே இருக்கின்றன. 2005இல் கண்டறியப்பட்ட ஐஜிரி என்ற வகை, குடலிலும் தோலிலும் பூவிலும் (செவுளிலும்) காவல் நிற்பதற்கென்றே அமைந்தது. வழும்பு விடாமல் சுரந்து கழன்றுகொண்டே இருப்பதால், ஒட்டிய கிருமியும் அதோடு போய்விடும்.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். காய்ந்த கையால் குஞ்சைப் பிடிக்கிறோம். முடிச்சுப் போட்ட முரட்டு வலையால் அள்ளுகிறோம். எடை பார்க்கிறோம் என்று உலர்ந்த தட்டில் போட்டுத் துள்ளவிடுகிறோம். வழும்பு உரிந்த இடத்தில், தண்ணீரில் எப்போதுமே இருக்கிற ஏரோமோனாஸ் என்ற பக்டீரியா வந்து குடியேறும். இரண்டொரு நாளில் செதில் தூக்கும், கீழே தோல் சிவக்கும். கையை நனையுங்கள், முடிச்சில்லாத மென்வலை பாவியுங்கள், வேலையைச் சுருக்காக முடியுங்கள். கொண்டிஸை (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) அளவு பார்க்காமல் கொட்டுவதும் இதே தவறுதான். கிருமியைக் கொல்லப் போட்டது வழும்பையும் பூவையும் சேர்த்தே எரித்துவிடும்.

தோலைத் தாண்டி உள்ளே போனால் இரத்தத்தில் நிரப்பிப் புரதங்கள் காத்திருக்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பி, கடைசியில் பக்டீரியாவின் மேல் துளை போடும். நடுவில் நிற்கும் சி3 என்ற புரதம் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு, விழுங்கும் கலங்களுக்கு இரையைக் காட்டிக் கொடுக்கும். பாலூட்டிகளைவிட மீன்கள் இந்த வழியை அதிகம் நம்பியிருக்கின்றன. எல்லாக் கிருமியும் இதில் சிக்கிவிடுவதில்லை. திலாப்பியாவின் கண்ணைப் பிதுங்க வைத்து, சுழன்று சுழன்று நீந்த வைக்கும் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் அகலக்டியே தன்னைச் சுற்றி ஓர் உறை போட்டுக்கொண்டு சி3 ஒட்டாமல் தப்பிக்கப் பார்க்கும். அது தலைதூக்குவது வெயில் காலத்துச் சூடான தண்ணீரில்.

இரும்புக்காகவும் ஒரு போர் நடக்கிறது. பக்டீரியா பெருக இரும்பு வேண்டும், இரத்தத்திலுள்ள டிரான்ஸ்பெரின் அதை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மீன் வெளிறிப் போனதென்று கண்டபடி இரும்பு டொனிக் கலந்து கொடுத்தால் யாருக்கு விருந்து வைக்கிறோம் என்று யோசியுங்கள்.

இவ்வளவு ஆயுதமிருந்தும் மீன் ஏன் தோற்கிறது? நெருக்கடியில் மீனின் உடம்பில் கோர்டிசோல் என்ற ஓமோன் ஏறும். அது நாட்கணக்கில் இறங்காமல் நின்றால் லைசோசைம், நிரப்பிப் புரதம், பிறபொருளெதிரி எல்லாமே தளரும். அளவுக்கு மிஞ்சிக் குஞ்சு விடுவதும், மிச்ச உணவு அடியில் அழுகி அமோனியா ஏறுவதும் இங்கேதான் வினையாகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தடிக்குப் போங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒட்சிசன் பற்றாக்குறை. அன்றைக்குச் சாப்பாட்டை நிறுத்திக் காற்றூட்டுங்கள், தண்ணீர் மாற்றுங்கள். வாவிக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. மாரி மழையில் வெள்ளம் இறங்கி முகத்துவாரம் வெட்டுப்படும்போது உவர்ப்பு சட்டென்று மாறும். கொடுவா உவர்நீரும் நன்னீரும் தாங்கும் மீன்தான், என்றாலும் திடீர் மாற்றம் அதையும் களைக்க வைக்கும். அந்த வாரங்களில் தரம் பிரிப்பது, கூடு மாற்றுவது எதுவும் வேண்டாம்.

அடுத்தது அன்டிபயோட்டிக். பாமசியில் மனிதருக்கு விற்கும் கப்சூலை உடைத்து உணவில் பிசைந்து போடுவோர் உண்டு. இதில் எனக்குக் கோபமே வரும். நோயுற்ற மீன் முதலில் விடுவது சாப்பாட்டை, ஆகவே மருந்தைத் தின்பது சுகமான மீன்தான். ஒக்சிரெற்றாசைக்கிளின் போன்றவை பக்டீரியாவின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கும், மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டியது மீனின் சொந்தப் புரதங்களும் கலங்களும்தான். அவை சோர்ந்து கிடந்தால் மருந்தும் அரைகுறையாகவே நிற்கும். போதாததற்கு, இதே மருந்து பிறபொருளெதிரி உருவாவதைக் குறைக்கக்கூடும் என்பது கெண்டை மீன்களில் செய்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் போட்டு நிறுத்தினால் தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். மருந்து தின்ற மீன் சந்தைக்குப் போனால் அந்த மிச்சம் நம் பிள்ளைகளின் தட்டுக்குத்தான் வரும். கிருமி எது, அளவு எவ்வளவு, விற்கும் முன் எத்தனை நாள் விட வேண்டும் என்று மிருக வைத்தியரோ நீர்வாழ் உயிரினச் செய்கை அலுவலரோ சொன்ன பிறகே தொடுங்கள்.

புண் என்றாலே பக்டீரியா என்று முடிவு கட்டுவதும் தவறு. 1980களின் கடைசியில் இலங்கையின் நன்னீர் மீன்களை, முக்கியமாக விராலை, வாட்டிய புண் நோய்க்கு மூல காரணம் அபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற நீர்வாழ் கிருமி. பக்டீரியா அதன் பின்னால் வந்து சேர்வதே. அங்கே அன்டிபயோட்டிக் மூலத்தைத் தொடாது.

தடுப்பூசி பற்றியும் கேட்கிறார்கள். பிறபொருளெதிரி உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும், ஆகவே நோய் வந்த பின் அது உதவாது. மிகச் சின்னக் குஞ்சுக்குக் கொடுத்தாலும் வீண். தாய் முட்டையின் மஞ்சட்கருவில் வைத்து அனுப்பிய ஐஜிஎம் என்ற பிறபொருளெதிரியிலும் லைசோசைமிலும்தான் அது கொஞ்ச நாள் ஓட்டும், சொந்தமாகச் செய்யப் பிறகுதான் பழகும்.

உணவு மூட்டையை வெயில் படும் தகரக் கொட்டிலில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பெரும்பாலான மீன்களால் விற்றமின் சி-யை உடம்பில் செய்ய முடியாது, சூட்டில் முதலில் கெடுவதும் அதுதான். அப்புறம், செத்த மீனை வாவியில் எறியாதீர்கள். பக்கத்துக் கூட்டுக்கும் வாவி மீனுக்கும் கிருமி போய்ச் சேரும். கரையிலிருந்து தள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சோதனைக்குக் கொடுப்பதானால் செத்து நாறியதல்ல, தள்ளாடி நீந்தும் மீனைப் பிடித்து உயிரோடு கொண்டு போங்கள்.