ஒரே கணினியில் பல சர்வர்கள்: முதலில் ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்குங்கள்

ஒரே கணினிக்குள் மென்பொருள் மூலம் பல மெய்நிகர் சர்வர்களை, அதாவது தனித்தனிக் கணினிகள் போல இயங்கும் சர்வர்களை, ஓட்டலாம். அதற்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய அலுவலகக் கணினிகள் கிடைக்கும். நான்கு கோர் பிராசசர், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் போதும். கடையிலேயே பயாஸை (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) திறக்கச் சொல்லி, மெய்நிகர் சர்வர்களுக்குத் தேவையான பிராசசர் வசதி, அதாவது இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம், இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்து வைத்திருந்தால் இயக்கிக்கொள்ளுங்கள்.

மெய்நிகர் சர்வர்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருளில் என் தேர்வு பிராக்ஸ்மாக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் வகை மீது அமைந்தது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம்தான் அதன் அடித்தளம்; அது 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. இரவும் பகலும் ஓடவேண்டிய சர்வருக்கு இதே வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராக்ஸ்மாக்ஸைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியில் நிறுவுங்கள். கணினியின் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு இன்னொரு கணினியின் பிரவுசரில் அதன் ஐபி முகவரியுடன் 8006 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறக்கவேண்டும்.

புதியவர்கள் திணறும் இடம் நெட்வொர்க். பிராக்ஸ்மாக்ஸில் விஎம்பிஆர்0 (vmbr0) என்ற பிரிட்ஜ், பல கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் போல வேலை செய்கிறது. ஒவ்வொரு மெய்நிகர் சர்வரும் தனக்கென ஒரு மேக் முகவரியுடன் (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) அதில் இணைகிறது. கணினியை வைஃபையில் இணைத்தால், ரௌட்டரோ பொதுவாகத் தன்னிடம் பதிவுசெய்த மேக் முகவரியை மட்டுமே ஏற்கும்; மற்றவற்றிலிருந்து வரும் தரவைக் கைவிட்டுவிடும். அதனால் கணினிக்கு இணையம் கிடைக்கும், உள்ளே இருக்கும் சர்வருக்கு ஐபி கூடக் கிடைக்காது. சாதாரண ரௌட்டரில், பிரிட்ஜின் அமைப்பை மாற்றுவதால் மட்டும் இது தீராது. பெங்களூரு அல்சூர் பக்கத்து வாடகை அறைகளில் ரௌட்டர் வீட்டுக்காரர் கூடத்தில்தான் இருக்கும். அவரிடம் கேட்டு ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்துவிடுங்கள். அதற்கு வழியே இல்லை என்றால், எல்லா சர்வர்களும் கணினியின் ஒரே முகவரி வழியாக வெளியே போகும் நாட் (NAT) அமைக்கலாம். ஆனால் வெளியிலிருந்து சர்வரை அடைய ஒவ்வொரு போர்ட்டையும் கணினியிலிருந்து அந்த சர்வருக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

கேபிள் போட்டபின் முதல் மெய்நிகர் சர்வரை உருவாக்கி, அதன் ஐபியைப் பாருங்கள். ரௌட்டர் 192.168.1.1 என்றால் இதுவும் 192.168.1 என்றே தொடங்கவேண்டும்.

சர்வர்களுக்குக் கோர்களை இருப்பதைவிட அதிகமாகவே பங்கிடலாம். ராமில் அந்தத் தாராளம் கூடாது. 2 ஜிபியாவது பிராக்ஸ்மாக்ஸுக்கு விட்டுவையுங்கள்.

பிற்சேர்க்கை: வீடு மாறியபின் 8006 பக்கம் திறக்கவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நிறுவும்போது கொடுத்த ஐபி நிலையானது; புதிய ரௌட்டர் தரும் ஐபி வரிசை வேறாக இருக்கலாம். மானிட்டரும் கீபோர்டும் இணைத்து, இன்டர்ஃபேசஸ் கோப்பில் (/etc/network/interfaces) ஐபி, கேட்வே (ரௌட்டரின் முகவரி) இரண்டையும் மாற்றுங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (/etc/hosts) புதிய ஐபியை எழுதிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.