வேற லாஞ்சர் போட்டதும் போன் கால்ல குழப்பமா? எதை எங்க மாத்தணும்னு பாப்போம்

வயசானவங்க போன்ல பெரிய பெரிய ஐகான் வர்ற மாதிரி பிக் லாஞ்சர், பால்ட்போன்னு ஏதாவது ஒண்ண போட்டு குடுக்கறது இப்ப நிறைய வீட்டுல நடக்குது, இல்லன்னா நம்மளே அழகுக்காகவோ கவனம் சிதறாம இருக்கவோ நோவா, நயாகரான்னு மாத்திக்கறோம். போட்ட அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். முதல் கால் வந்ததும்தான் தடுமாற்றம் ஆரம்பிக்கும், பச்சை பட்டனை அமுக்கறாங்க எடுக்க மாட்டேங்குது, பேசிட்டு இருக்கும்போது ஹோம் பட்டன்ல கை பட்டு கால் ஸ்கிரீன் எங்க போச்சுன்னே தெரியல, அந்தப் பக்கம் இருக்கறவங்க ஹலோ ஹலோன்னு கத்திட்டே இருக்காங்க. உடனே லாஞ்சரை தூக்கிடாதீங்க, பெரும்பாலும் கோளாறு அதுல இருக்காது.

லாஞ்சர்ங்கறது ஹோம் ஸ்கிரீன், ஐகான், ஆப் லிஸ்ட், இவ்வளவுதான். கால் வரும்போது தெரியுற ஸ்கிரீன், எடுக்கற பட்டன், கட் பண்ற பட்டன், ஸ்பீக்கர், மியூட் எல்லாமே போன் ஆப்போட வேலை. வாசக்கதவை மாத்தினா உள்ள இருக்கற சமையல்கட்டு மாறாது இல்லையா, அது மாதிரிதான். ஆண்ட்ராய்டுல ஹோம் ஆப் எதுன்னு ஒரு செட்டிங், போன் ஆப் எதுன்னு இன்னொரு செட்டிங், ரெண்டும் தனித்தனி. இந்த ஒண்ணு தெரியாததாலதான் லாஞ்சர் செட்டிங்ஸ்க்குள்ள மணிக்கணக்கா தேடிட்டு இருப்போம், கிடைக்கவே கிடைக்காது.

அதனால முதல் வேலையா செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் டிஃபால்ட் ஆப்ஸ் திறந்து அங்க போன் ஆப்னு இருக்கறதுல எது செலக்ட் ஆகியிருக்குன்னு பாருங்க (கம்பெனிக்கு கம்பெனி மெனு பேரு கொஞ்சம் மாறும், செட்டிங்ஸ் மேல இருக்கற சர்ச்ல டிஃபால்ட்னு தேடினா வந்துரும்). பெரிய பட்டன் லாஞ்சர்கள்ல சிலது இன்ஸ்டால் பண்ணும்போதே என்னையே போன் ஆப்பாவும் வச்சுக்கோன்னு கேக்கும், நம்ம அவசரத்துல எல்லாத்துக்கும் ஓகே குடுத்துருவோம், அதோட பழகின கால் ஸ்கிரீன் போயிடும். ட்ரூகாலர் மாதிரி ஆப் போட்டிருந்தாலும் இதேதான். இங்க என்னோட அபிப்ராயம் என்னன்னா, வயசானவங்களுக்கு ஹோம் ஸ்கிரீனை மாத்துங்க, போன் ஆப்பை மாத்தாதீங்க. கைக்கு பழகின பச்சையும் சிவப்பும் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். ஏற்கனவே மாறிடுச்சுன்னா இதே இடத்துல பழைய போன் ஆப்பை திரும்ப செலக்ட் பண்ணா போதும், லாஞ்சர் அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம், 2025 ஆகஸ்ட்ல கூகுளோட போன் ஆப் அப்டேட்ல தோற்றமே மாறிடுச்சு, ராத்திரி தூங்கி காலைல எழுந்தா கால் ஸ்கிரீன் வேற மாதிரி இருக்குன்னு நிறைய பேர் பதறினாங்க. ரெட்மி, ரியல்மி, மோட்டோன்னு பல போன்ல அந்த ஆப்தான் இருக்கு, அதனால அந்த சமயத்துல புது லாஞ்சர் போட்டவங்களுக்கு பழி நேரா லாஞ்சர் மேல விழுந்திருக்கும். முன்னாடி மேல தள்ளினா எடுக்கும் கீழ தள்ளினா கட் ஆகும். இப்ப பக்கவாட்டுல தள்ளறதா, இல்ல ஒரு தட்டு தட்டினா போதுமான்னு நம்மளே செலக்ட் பண்ணலாம். போன் ஆப்பை திறந்து அதோட செட்டிங்ஸ்ல இன்கமிங் கால் ஜெஸ்சர்னு இருக்கும், அதுல சிங்கிள் டேப் வச்சுடுங்க. கை நடுக்கம் இருக்கறவங்களுக்கு தள்ளறது பெரிய கஷ்டம், விரல் பாதியிலயே எடுபட்டுடும், ரிங் அடிச்சு ஓஞ்சே போயிடும். ஒரே சங்கடம், பாக்கெட்ல இருந்து எடுக்கும்போது தெரியாம விரல் பட்டு கால் எடுத்துக்கவும் செய்யும், அதை சொல்லி வச்சுடணும்.

சாம்சங்ல வழி கொஞ்சம் வேற. செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, அதுக்குள்ள இன்டராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி, அதுக்குள்ள ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ். இங்க வால்யூம் அப் பட்டனை அமுக்கினா கால் எடுக்கற மாதிரியும், சைடு பட்டனை அமுக்கினா கட் ஆகற மாதிரியும் வைக்கலாம், யாரு கூப்பிடறாங்கன்னு பேரை சத்தமா படிக்கவும் வைக்கலாம். கண் சரியா தெரியாதவங்களுக்கு இதைவிட நல்ல வசதி வேற இல்லன்னே சொல்லுவேன், ஸ்கிரீனையே பாக்காம பேசி முடிச்சுடலாம்.

அடுத்து, போன் லாக்ல இருந்தா கால் முழு ஸ்கிரீன்ல வரும், போனை பாத்துட்டு இருக்கும்போது வந்தா மேல சின்ன பட்டையா மட்டும் வரும். இது லாஞ்சரால இல்ல, ஆண்ட்ராய்டே அப்படித்தான். ஆனா புது ஹோம் ஸ்கிரீன்ல எல்லாம் பெருசா இருக்கும்போது இந்தப் பட்டை மட்டும் குட்டியா வர்றதால கண்ணுல படறதில்ல. அந்தப் பட்டையில பட்டன் இல்லாத இடத்துல, பேர் இருக்கற இடத்துல தொட்டா முழு ஸ்கிரீன் திறக்கும். சாம்சங்ல போன் ஆப் செட்டிங்ஸ்ல கால் டிஸ்ப்ளே வைல் யூசிங் ஆப்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஃபுல் ஸ்கிரீன் வச்சுட்டா எப்பவுமே பெருசா வரும்.

ரிங் அடிக்குது ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலன்னா அது நோட்டிபிகேஷன் பிரச்சனை. புது லாஞ்சர் போட்ட ஜோருல தேவையில்லாத நோட்டிபிகேஷனை எல்லாம் ஆஃப் பண்ணுவோம் பாருங்க, அதுல போன் ஆப்பும் மாட்டியிருக்கும். செட்டிங்ஸ்ல ஆப்ஸ், போன், நோட்டிபிகேஷன்ஸ் போய் இன்கமிங் கால்ஸ் ஆன்ல இருக்கா, ஸ்கிரீன்ல பாப் ஆக விட்டிருக்கா, லாக் ஸ்கிரீன்ல காட்டுதான்னு ஒண்ணொண்ணா பாருங்க. ரெட்மி, போக்கோ போன்ல ஆப் இன்ஃபோவுக்குள்ள அதர் பெர்மிஷன்ஸ்னு தனியா இருக்கும், அதுல ஷோ ஆன் லாக் ஸ்கிரீன் ஆன் ஆகியிருக்கணும். வாட்ஸ்அப் கால் தனி கதை, டிஃபால்ட் போன் ஆப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அதோட ஸ்கிரீன் அதோடது. ஆண்ட்ராய்டு 14ல இருந்து முழு ஸ்கிரீனா மேல வர்றதுக்கு தனி அனுமதி இருக்கு, செட்டிங்ஸ்ல ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்ல ஃபுல் ஸ்கிரீன் நோட்டிபிகேஷன்ஸ் திறந்து வாட்ஸ்அப் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க கூப்பிடறது பெரும்பாலும் அதுலதான், அதனால இதை விட்டுடாதீங்க.

இப்ப லாஞ்சரே உண்மையிலேயே கெடுக்கற ஒரு இடத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியமா படுது. பேசிட்டு இருக்கும்போது ஹோம் பட்டனை அமுக்கினா கால் கட் ஆகாது, பின்னாடி ஓடிட்டே இருக்கும். சாதாரணமா ஸ்கிரீன் மேல் ஓரத்துல மணி, சார்ஜ் எல்லாம் காட்டற ஸ்டேட்டஸ் பார்ல ஒரு சின்ன பச்சை குமிழ்ல நேரம் ஓடும், அதை தொட்டா கால் ஸ்கிரீனுக்கு திரும்பிடலாம், இல்லன்னா மேல இருந்து இழுத்து நோட்டிபிகேஷன்ல ஹேங் அப் அமுக்கலாம். ஆனா நிறைய லாஞ்சர்ல ஸ்டேட்டஸ் பாரை மறைக்கற ஆப்ஷன் இருக்கு, பெரியவங்களுக்கான லாஞ்சர்கள்ல சிலது தெரியாம எதையும் தொட்டுடக் கூடாதுன்னு மேல இருந்து இழுக்கறதையே தடுத்துடும். நல்ல எண்ணத்துலதான் செய்யறாங்க, ஆனா கால் ஸ்கிரீனுக்கு திரும்பற வழி ரெண்டுமே அடைபட்டுடுது. பேசி முடிச்சாச்சுன்னு நினைச்சு போனை மேசை மேல வச்சுடுவாங்க, கால் அந்தப் பக்கம் ஓடிட்டே இருக்கும், வீட்டுல பேசறதெல்லாம் கூப்பிட்டவங்களுக்கு கேக்கும்.

அதனால லாஞ்சர் செட்டிங்ஸ்ல ஹைட் ஸ்டேட்டஸ் பார்னு எது இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க, நோட்டிபிகேஷனை இழுக்க விடுங்க. கூடவே போன் ஐகானை ஹோம் ஸ்கிரீன் கீழ் வரிசையில கண்டிப்பா வைங்க, கால் ஓடும்போது அந்த ஐகானை தொட்டா திரும்பிப் போற வழி அங்கயும் கிடைக்கும். இந்த இடத்துல சிலருக்கு இன்னொரு சிக்கல், போன்ல ரெண்டு போன் ஆப் இருந்து ஐகான் படத்தையெல்லாம் மாத்தற ஐகான் பேக் வேற போட்டிருந்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், தப்பானதை திறந்துட்டு காலையே காணோம்னு தேடுவாங்க. டிஃபால்ட்ல இல்லாத போன் ஆப்பை லாஞ்சர்ல ஹைட் பண்ணிடுங்க.

இது எல்லாத்துக்கும் மேல ஒரு காப்பு, பவர் பட்டன். செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டிக்குள்ள பவர் பட்டன் எண்ட்ஸ் கால்னு இருக்கும், பல போன்ல சிஸ்டம் கன்ட்ரோல்ஸ்க்கு உள்ள இருக்கும். ஆன் பண்ணிட்டா எந்த ஸ்கிரீன்ல இருந்தாலும் ஒரு அமுக்குல கால் கட். காதுகிட்ட வச்சதும் ஸ்கிரீன் கருப்பாகி திரும்ப வராம போற போனுக்கும் இதுதான் மருந்து (காது கிட்ட வந்துச்சான்னு பாக்கற சென்சாரை டெம்பர்ட் கிளாஸ் மறைச்சா அப்படி ஆகும், மேல் ஓரத்தை துடைச்சும் பாருங்க). பேச்சு நடுவுல ஸ்கிரீனை ஆஃப் பண்ண பவர் பட்டன் அமுக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு மட்டும் இது ஒத்து வராது. ரிங் அடிக்கும்போது பவரையோ வால்யூமையோ அமுக்கினா சத்தம் மட்டும்தான் நிக்கும், கால் கட் ஆகாது, இதையும் சொல்லிக் குடுங்க, நிறைய பேர் கட் பண்ணிட்டோம்னே நினைச்சுக்கறாங்க. சாம்சங்ல மட்டும் வால்யூம் அப்புக்கு எடுக்கற வேலையை குடுத்திருந்தா சத்தத்தை நிறுத்த வால்யூம் டவுன்தான்.

கூப்பிடற பக்கத்துல ஒரே ஒரு குழப்பம்தான் அடிக்கடி வருது. போட்டோ வச்ச ஐகானை தொட்டா நேரா கால் போகணும், ஆனா காண்டாக்ட் பக்கம் திறந்து நிக்கும். அது சாதா காண்டாக்ட் ஷார்ட்கட், அதை எடுத்துட்டு விட்ஜெட் லிஸ்ட்ல காண்டாக்ட்ஸ்க்கு கீழ டைரக்ட் டயல்னு இருக்கறதை போடுங்க. ரெண்டு சிம் இருந்தா தொட்டதும் எந்த சிம்னு கேள்வி வரும், அதைப் பாத்து மிரண்டு போனை வச்சுடுவாங்க, அதனால சிம் செட்டிங்ஸ்ல கால்ஸுக்கு ஒரு சிம்மை நிரந்தரமா வச்சுடுங்க. மிஸ்டு கால் எண்ணிக்கை ஐகான் மேல வரலன்னா லாஞ்சருக்கு நோட்டிபிகேஷன் ஆக்சஸ் குடுக்கணும். பிளே ஸ்டோர் இல்லாம வெளிய இருந்து ஏபிகேவா (ஆப்பை இன்ஸ்டால் பண்ற பைல்) போட்ட லாஞ்சர்னா ஆண்ட்ராய்டு 13ல இருந்து போன் அந்த ஆக்சஸை குடுக்க விடாது, ஆப் இன்ஃபோல மேல மூணு புள்ளியை தொட்டு அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ் குடுத்துட்டு வாங்க.

எல்லாம் மாத்தின பிறகு அவங்க கையில போனை குடுத்து பக்கத்துலயே உக்காந்து உங்க நம்பர்ல இருந்து கூப்பிடுங்க. லாக்ல ஒரு தடவை, திறந்து வச்சு ஒரு தடவை, பேசும்போது ஹோம் அமுக்க சொல்லி திரும்பி வர ஒரு தடவை, வாட்ஸ்அப்ல ஒரு தடவை. நீங்க செஞ்சு காட்டாதீங்க, அவங்களே செய்யட்டும், எங்க விரல் நிக்குதுன்னு பாத்தா எந்த செட்டிங்கை இன்னும் மாத்தணும்னு தெரிஞ்சுரும். 112க்கு மட்டும் டெஸ்ட்டுன்னு கூப்பிட்டுப் பாக்காதீங்க, லாக் ஸ்கிரீன்ல எமர்ஜென்சி பட்டன் எங்க இருக்குன்னு காட்டினா போதும், லாஞ்சர் எதுவா இருந்தாலும் அது அங்கயேதான் இருக்கும்.

கடைசி வரைக்கும் ஒத்து வரலன்னா டிஃபால்ட் ஆப்ஸ்ல ஹோம் ஆப்பை பழையதுக்கு மாத்துங்க, காண்டாக்ட், கால் ஹிஸ்டரி எதுவும் அழியாது. போனோட செட்டிங்ஸையே லாஞ்சர் மறைச்சு வச்சிருந்தா கூகுள் அசிஸ்டண்ட்ட ஓபன் செட்டிங்ஸ்னு சொல்லிப் பாருங்க, அதுவும் இல்லன்னா சேஃப் மோடுல ரீஸ்டார்ட் பண்ணா நம்ம போட்ட ஆப் எதுவும் ஓடாது, போனோட சொந்த ஹோம் ஸ்கிரீன் வந்துரும், அங்க இருந்து மாத்திக்கலாம்.