பழைய லேப்டாப்பின் கிராஃபிக்ஸை மேம்படுத்துவது எப்படி? திங்க்பேட் டி480-ஐ வைத்து ஒரு செய்முறை

முதலில் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப்பைக் கழற்றி வேறொன்றை மாட்ட முடியாது. அது புராசஸருக்குள்ளேயே இருக்கும், இல்லையென்றால் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். டெல் பிரிசிஷன் எம்6800, எச்பி இசட்புக் 17 போன்ற கனமான ஒர்க்ஸ்டேஷன்களில் எம்எக்ஸ்எம் என்ற தனி அட்டை இருந்தது. இப்போது வரும் ஃபிரேம்ஒர்க் லேப்டாப் 16-இலும் கிராஃபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாற்றலாம். இவையெல்லாம் விதிவிலக்குகள்தான்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பல பழைய லேப்டாப்களில் இருக்கிற கிராஃபிக்ஸ் சிப்பே அதன் முழு வேகத்தில் ஓடுவதில்லை. ரேம் பாதிதான் போட்டிருப்பார்கள், ஃபேனில் தூசி அடைத்திருக்கும், பிரவுசர் தவறான வகை வீடியோவை இழுத்துக்கொண்டிருக்கும். இவற்றைச் சரிசெய்த பிறகுதான் வெளியே கார்டு வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு லெனோவோ திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2018-இல் வந்த மாடல். அலுவலகங்களில் பயன்படுத்தி முடித்து, இரண்டாம் கை சந்தைக்கு ஏராளமாக வருவது. பெரும்பாலும் இன்டெல் ஐ5-8250யு புராசஸரும் அதனுள் யுஎச்டி 620 கிராஃபிக்ஸும் இருக்கும். உங்களிடம் வேறு மாடல் இருந்தாலும் வரிசை இதேதான், ஸ்குரூ இருக்கும் இடம் மட்டும் மாறும்.

படி 1: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். கீழே எத்தனை ரேம் ஸ்லாட்டுகள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் சந்தோஷப்படுங்கள், மலிவான மேம்பாடு உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதே பக்கத்தில் ரேமின் வேகமும் தெரியும். டி480-இல் அது 2400. ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப்புக்கான பகுதியில் அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டாவது ரேம்

ரேமுக்கும் கிராஃபிக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதற்கென்று சொந்த மெமரி உண்டு. யுஎச்டி 620 போன்ற சிப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. புராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் இதுவும் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒரே ஒரு டிடிஆர்4-2400 ரேம் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி வரைதான் தரவு போய்வர முடியும். இரண்டாவதைப் போட்டதும் டூயல் சேனல், அதாவது இரட்டைப் பாதை வந்து அந்த அளவு 38.4 ஜிபி ஆகிறது. விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 16 ஜிபி ஒன்றாகப் போடுவதைவிட 8 ஜிபி இரண்டாகப் போடுவது கிராஃபிக்ஸுக்கு நல்லது என்பது இதனால்தான்.

இன்டெல் இதை எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 11-ஆம் தலைமுறை புராசஸர்களில் ரேம் டூயல் சேனலில் இருந்தால்தான் சிப்பின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டும். ஒரே ரேம் என்றால் அதே சிப் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டிக்கொள்ளும். "ஐரிஸ் எக்ஸ்இ என்று சொல்லித்தானே வாங்கினேன், இங்கே வேறு பெயர் வருகிறதே" என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் அந்த இரண்டாவது ஸ்லாட்தான்.

வாங்க வேண்டியது டிடிஆர்4 சோடிம் வகை, அதாவது லேப்டாப்புக்கான குட்டை ரேம். 2666 வேகமுள்ளது கிடைத்தாலும் வாங்கலாம், அது 2400-க்கு இறங்கி ஓடும். ஏற்கெனவே இருப்பதும் புதியதும் ஒரே அளவில் இருப்பது நல்லது. ஏற்கெனவே 8 ஜிபி, கையில் கிடைத்தது 4 ஜிபி என்றாலும் பரவாயில்லை. இரண்டிலும் பொதுவான 4 ஜிபி வரை டூயல் சேனலில் ஓடும், மிச்சம் ஒற்றைச் சேனலில் ஓடும்.

மாடல் பெயரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டி480எஸ் என்று கடைசியில் ஓர் எஸ் இருந்தால் ஒரு ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், ஒரு ஸ்லாட்தான் இருக்கும். எக்ஸ்1 கார்பனில் எல்லாமே பற்றவைத்தது, அங்கே இந்தப் படியே கிடையாது.

சரி, திறப்போம். டி480-இல் இரண்டு பேட்டரிகள் உண்டு, ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. பவர் பட்டனை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், உள் பேட்டரி போர்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புகள் பக்கத்துக்குள் போங்கள். கான்ஃபிக், அதில் பவர், அதில் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் அணைந்துவிடும். திரும்பச் சார்ஜர் சொருகும்வரை உள் பேட்டரி உறங்கும். பிறகு வெளி பேட்டரியைக் கழற்றுங்கள்.

கவிழ்த்து வைத்து அடிமூடியின் ஸ்குரூக்களைத் தளர்த்துங்கள். அவை முழுதாகக் கழன்று வராமல் மூடியிலேயே நிற்கும், அதனால் தொலைக்கும் பயமில்லை. அப்புறம் ஒரு பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து, கிளிப்புகள் டக் டக்கென்று விடுபட மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். உலோக ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் மூடியில் தழும்பு விழும்.

ரேமைத் தொடுவதற்கு முன் ஏதாவது பெரிய இரும்புப் பொருளைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ரேமின் தங்க நிற விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்த வேண்டும். சாய்வாகப் பிடித்து, தங்க நிறம் கிட்டத்தட்ட முழுதாக மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்புகளும் பிடித்துக்கொள்ளும். பொருந்தவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

மூடியை மூடி, சார்ஜர் சொருகி ஆன் செய்தால் முதல்முறை திரை சிறிது நேரம் கருப்பாகவே இருக்கலாம். புது ரேமை லேப்டாப் சோதித்துப் பார்க்கிறது, பொறுத்திருங்கள். வந்ததும் டாஸ்க் மேனேஜரில் இரண்டும் பயன்பாட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

சில மாடல்களின் பயாஸில் கிராஃபிக்ஸ் மெமரியைக் கூட்டும் வசதி உண்டு. அதைக் கூட்டினால் வேகம் வந்துவிடும் என்று நம்பிப் பலர் நேரத்தை வீணடிக்கிறார்கள். கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், தனக்கு வேண்டிய ரேமைத் தானே எடுத்துக்கொள்ளும். சில பழைய விளையாட்டுகள் மெமரி போதவில்லை என்று அடம்பிடித்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

படி 3: சூடு

புராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே சிப்பில் இருப்பதால் சூடும் ஒன்றுதான். ஐ5-8250யு 100 டிகிரி செல்சியஸை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விளையாட்டு முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கித் திணறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள்.

அடிமூடி திறந்திருக்கும்போதே ஃபேனைச் சுத்தம் செய்துவிடுவது புத்திசாலித்தனம். ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, சிறிய பிரஷ்ஷால் துடைத்து, காற்று வெளியேறும் துடுப்புகளின் பக்கம் ஊதுங்கள். சிப்புக்கும் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் இடையே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் பல ஆண்டுகள் பழையது என்றால் அதையும் மாற்றலாம். ஹீட்சிங்கின் ஸ்குரூக்களை ஒன்றை முழுதாகக் கழற்றாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அருகில் எண்கள் அச்சிட்டிருந்தால் அந்த வரிசைப்படி செய்யுங்கள். காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, சிப்பின் மேல் மெல்லியதாகப் புதிய பேஸ்ட்டைப் பரப்புங்கள். கை நடுங்குகிறவர்கள் இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதில் வெட்கம் இல்லை.

படி 4: வீடியோ திணறுகிறதா?

"கிராஃபிக்ஸ் போதவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் யூடியூப்தான் பிரச்சினை என்பது என் எண்ணம். யுஎச்டி 620 சிப்பில் எச்.264, எச்இவிசி, விபி9 வகை வீடியோக்களை விரிக்கத் தனி மின்சுற்று இருக்கிறது. ஏவி1 வகைக்கு இல்லை. அந்த வகையில் வீடியோ வந்தால் முழுச் சுமையும் புராசஸர் தலையில் விழும், ஃபேன் அலறும்.

யூடியூப் வீடியோ மேல் வலது கிளிக் செய்து, நெர்டுகளுக்கான புள்ளிவிவரம் என்பதைத் திறங்கள். கோடெக் என்ற வரியில் ஏவி01 என்று ஆரம்பித்தால் சிக்கல் அங்கேதான். என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டு அதில் ஏவி1-ஐத் தடுத்துவிடுங்கள். விபி9-ஐத் தடுக்க வேண்டாம். 2012-ஐ ஒட்டிய எச்டி 4000 சிப் கொண்டவர்களுக்கு விபி9-உம் சுமைதான், அவர்கள் அதையும் தடுத்து எச்.264-ஐ மட்டும் விடலாம்.

டிரைவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இன்டெல் 6 முதல் 10 வரையிலான தலைமுறைகளின் கிராஃபிக்ஸை (டி480-இல் இருப்பது 8) 2022-லேயே பழைய பட்டியலுக்கு நகர்த்திவிட்டது. இனி புது விளையாட்டுகளுக்கான மேம்பாடுகளை எதிர்பார்க்காமல் கடைசியாக வந்த டிரைவரைப் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். விளையாட்டின் திரை அளவை 1920க்கு 1080-இலிருந்து 1280க்கு 720 ஆக இறக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். எந்த டிரைவரும் தராத லாபம் அது.

படி 5: இதற்கும் மேல் வேண்டுமென்றால், வெளி கார்டு

டி480-இல் தண்டர்போல்ட் 3 என்ற அதிவேக போர்ட் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் மின்னல் குறி இருக்கும் யுஎஸ்பி-சி போர்ட் அது. இதில் இ-ஜிபியு பெட்டியை, அதாவது வெளி கார்டுக்கான பெட்டியை இணைத்து, டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் கார்டை அதற்குள் மாட்டலாம். தேவையானவை பெட்டி, அதற்கான பவர் சப்ளை, கார்டு, குட்டையான தண்டர்போல்ட் 3 கேபிள், முடிந்தால் ஒரு வெளி மானிட்டர். மானிட்டரை கார்டிலேயே சொருகுங்கள். லேப்டாப்பின் சொந்தத் திரையில் பார்த்தால் வரைந்த படம் அதே கேபிள் வழியாகத் திரும்பி வர வேண்டும், வேகம் குறையும்.

இணைப்பதற்கு முன் லெனோவோவின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (போர்ட்டின் சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டைக் கட்டாயம் போடுங்கள். டி480 உட்பட அந்தக் காலத்து திங்க்பேட்கள் பலவற்றில் பழைய ஃபர்ம்வேரால் இந்த போர்ட் செயலிழக்கும் கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்யவே லெனோவோ இதை வெளியிட்டது. அதன்பின் பெட்டியை இணைத்தால் தண்டர்போல்ட் மென்பொருள் அனுமதி கேட்கும், கொடுங்கள். பிறகு கார்டின் டிரைவரைப் போட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

கார்டு தேர்வில் அடக்கம் வேண்டும். டி480-இன் 15 வாட் புராசஸர் பெரிய கார்டுக்கு ஈடுகொடுக்காது. ஜிடிஎக்ஸ் 1650 அளவே பொருத்தம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். அந்தத் தலைமுறைக்கான விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

என்னைக் கேட்டால், பெட்டி ஏற்கெனவே கைவசம் இருப்பவர்களுக்கோ மிக மலிவாகக் கிடைப்பவர்களுக்கோதான் இந்த வழி. பெட்டி, கார்டு இரண்டுக்குமான பணத்தில் இரண்டாம் கை டெஸ்க்டாப் ஒன்று வந்துவிடும், அது இதைவிட வேகமாகவும் ஓடும். இன்னும் பழைய லேப்டாப்களில் இருக்கும் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் வழியாக வெளி கார்டை இணைக்கும் முறை நொடிக்கு அதிகபட்சம் 500 எம்பிதான். இப்போது அதில் பணம் போட வேண்டாம்.

கடைகளில் "சிப்பைச் சூடாக்கிச் சரிசெய்து தருகிறோம்" என்பார்கள். செத்த கிராஃபிக்ஸ் சிப் அப்படி உயிர் பெற்றாலும் பெரும்பாலும் சில வாரம், சில மாதம்தான்.

படி 6: தொடர்ந்து ஓட வைக்க

இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கிராஃபிக்ஸை மறந்துவிட்டு முதலில் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி போடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டி480-இன் புராசஸர் எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். அதற்கு முந்தைய தலைமுறை லேப்டாப் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிடலாம்.

எப்போதும் சார்ஜரில் வைத்தே பயன்படுத்துபவர்கள் லெனோவோ வான்டேஜ் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள். டச்பேட் மேலே தூக்கினாற்போல் இருந்தாலோ, அடிமூடி சரியாக மூடாமல் போனாலோ உள் பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றிவிடுங்கள்.